நூலிழையில் தோற்பவர்

மெத்தை கம்பெனியின் விற்பனை மேலாளருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பாவம், அது அடையாள அட்டையோடு சரி. காவலாளியிலிருந்து வண்டியோட்டி வரை எல்லோருக்கும் அவர் முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'நூலிழை'. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் முதலாளியோடு கோல்ஃப் ஆடப் போவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலிழையில் தோற்றுவிட்டு வருவார்.

நூலிழை என்றால் ஒரே ஒரு அடி. கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவருக்குத்தான் வெற்றி. முதலாளியைவிட எப்போதும் ஓர் அடி கூடுதலாக அடிப்பார் நம்மவர். ஓர் அடிக்கு மேல் போனதில்லை.

தோற்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் யாரிடமும் கைகட்டி வேலை பார்க்காத புண்ணியவான்களாக இருக்க வேண்டும். தோற்பதில் எத்தனை நெளிவுசுளிவு இருக்கிறது தெரியுமா? ஆரம்பத்திலேயே கோட்டை விட்டால் முதலாளிக்குச் சப்பென்று போய்விடும். அதனால் பாதி ஆட்டம் வரை கூடவே ஓட வேண்டும். அவருக்கு நெற்றி வேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை முந்திக்கூடப் பார்க்கலாம். அப்போது அவர் முகம் கறுக்கும், கறுக்கட்டும். பிறகு கடைசிக் குழியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்திலிருக்கும் பந்தைத் தட்டும்போது, அது குழியின் விளிம்பை முத்தமிட்டு விலகிப் போக வேண்டும். "அடச்சே!" என்று தொடையில் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த 'அடச்சே' மட்டும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ வந்தால் குட்டு உடைந்துவிடும்.

இதெல்லாம் நூலிழையே தன் மனைவிக்கு விளக்கியது. விளக்கும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள், பரிசுக் கோப்பை வாங்கியவனுக்குக்கூட வராது. மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கு இருமலோடு வருகிறவர்களிடம்கூட, "எங்க வீட்டுக்காரர் நினைச்சா அந்த முதலாளியை ஒரு கையாலேயே தோற்கடிச்சிருவாரு. ஏதோ பெரிய மனுஷன்னு விட்டுக்கொடுத்துட்டு இருக்காரு" என்று சொல்லித்தான் மாத்திரையைக் கொடுப்பாள். உறவுக்காரர்கள் நடுவிலும் அதுதான் பேச்சு. கார் வாங்கிய மச்சினன் ஒருவன் இருந்தான், வெளிநாடு போன ஓரகத்தி ஒருத்தி இருந்தாள். எதுவும் இல்லாத நூலிழைக்கு இந்த ஒன்று இருந்தது: வெளியே தெரியாத வீரம்.

அவர் அறையைப் பார்த்தால் வீரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம்தான் வரும். மேஜை முழுக்கக் கையளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்ச் துண்டுகள், நாற்காலிக்கு அடியில் ஸ்ப்ரிங் மாதிரிகள், சுவரோரம் உறை பிரிக்காத தலையணைகள். கடைக்காரர்கள் வந்தால் துண்டை அமுக்கிக் காட்டி, "விட்டதும் எழும்புது பாருங்க, இதுதான் நம்ம தரம்" என்பார். காலமெல்லாம் அமுக்கப்பட்டவர் என்றாலும் தான் எழும்புவோம் என்ற நம்பிக்கை அவருக்கும் இருந்தது. துணைத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான் போட்டி: இவரும் கணக்கு மேலாளரும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கோல்ஃப் கிளப்பில் புதுத் தொழில்நுட்பம் வந்து இறங்கியது.

என்னென்ன வந்தது என்கிறீர்கள்! மட்டைப் பையைச் சுமந்துகொண்டு தலைக்கு மேலே பறந்து வருகிற கூடை. புதருக்குள் விழுந்தால், "நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்" என்று கத்துகிற பந்து. அதுவரை பந்து தொலைந்தால் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை நைசாகப் போட்டுக்கொண்டிருந்த டாக்டர்களும் வக்கீல்களும் அந்தப் பந்தை மனதார வெறுத்தார்கள். ஆடுகிறவரின் உடம்பைக் கவனித்து அறிவுரை சொல்கிற சட்டை ஒன்று வந்தது. கிளப் தலைவரின் சட்டை முதல் நாளே நாலு பேர் கேட்க, "இடுப்பைத் திருப்புவதற்கு வயிறு இடையூறாக உள்ளது" என்று சொல்லிவிட்டது. மனிதர் ஒரு மாதம் கிளப் பக்கமே தலைகாட்டவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கையுறை. போட்டுக்கொண்டால் போதும், மணிக்கட்டைத் தானே பிடித்து, சரியான கோணத்தில் திருப்பி, சரியான வேகத்தில் அடிக்க வைத்துவிடும். கையுறையோடு சேர்ந்து வருகிற பந்தும் தன் பங்குக்குக் காற்றிலேயே வளைந்து நெளிந்து குழியைத் தேடிப் போகும். நடுவில் மனிதன் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? சந்தா கட்ட ஆள் வேண்டாமா!

கணக்கு மேலாளர் அதுவரை கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. துணைத் தலைவர் நாற்காலிக்குப் போகும் வழி புல்தரை வழியாகத்தான் என்று யாரோ அவருக்கு ஓதியிருக்கிறார்கள். கையுறை, சட்டை, பந்து என்று மொத்தமாக வாங்கி மாட்டிக்கொண்டு, "சார், நானும் ஒரு நாள் உங்களோட ஆடலாமா?" என்று முதலாளி முன்னால் போய் நின்றார். முதலாளியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் பழைய கட்டை. கையுறை எல்லாம் போட்டுக்கொள்ள மாட்டார்.

அன்று நடந்ததை நூலிழை ஒரு மரத்தடியில் நின்று பார்த்தார். கணக்கு மேலாளர் தோற்கத்தான் வந்திருந்தார், ஐயா! மனிதருக்கு அந்த அளவு உலகம் தெரியும். ஆனால் கையுறை விட்டால்தானே? குளத்தைப் பார்த்து அடித்தார். பந்து தண்ணீருக்கு மேலே யோசித்து, திரும்பி வந்து, குழிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. மட்டையைக் கீழே போட்டுவிடலாம் என்று பார்த்தார், விரல்கள் திறக்கவில்லை. "சார், நான் இல்ல சார், கையுறை சார்!" என்று ஒவ்வொரு அடிக்கும் கதறினார். கதறக் கதற முதலாளியைத் துவைத்துக் காயப்போட்டார். திங்கட்கிழமை காலையில் அவருக்கு ஊர்க்கோடியிலிருக்கும் ஸ்பாஞ்ச் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது.

போட்டி ஒழிந்தது என்று நூலிழை உள்ளுக்குள் குதித்தார். அந்தக் குதிப்பு மதியம் வரைதான் நிலைத்தது.

முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒரு ஸ்ப்ரிங்கை எடுத்து அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கையுறை எல்லாம் நம்ம ஆட்டத்துக்கு வேண்டாம்பா. ஆனா கிளப்புக்கு வந்திருக்கிற மெஷின்ல வேற ஒரு விஷயம் இருக்காம். ஒருத்தன் நிஜமா ஆடுறானா, வேணும்னே விடுறானான்னு கண்டுபிடிச்சுச் சொல்லிருமாம்."

"அப்படியா சார்?" என்றார் நூலிழை.

"தலையில ஒரு தொப்பி மாட்டுவாங்களாம். மனசுல என்ன இருக்குன்னு அப்படியே சொல்லுமாம். வர்ற சனிக்கிழமை நீயும் நானும் அதை மாட்டிக்கிட்டு ஆடுறோம். கிளப்ல எல்லாரும் வருவாங்க. துணைத் தலைவர் விஷயத்தை ஆட்டம் முடிஞ்சதும் பேசிக்கலாம், என்ன?"

நூலிழை தன் அறைக்குத் திரும்பும்போது தலையணைக் குவியலில் தடுக்கி விழுந்து, நல்லவேளை, அடிபடாமல் எழுந்தார்.

அன்று மாலை வீடு போருக்குப் போகிற வீடு மாதிரி இருந்தது. மனைவி மருந்துக் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"விட்டுக்கொடுத்தா மெஷின் காட்டிக்கொடுத்துரும். இத்தனை வருஷமா இவன் நம்மளை ஏமாத்திட்டு இருந்திருக்கான்னு ஊர் முன்னாடி அவருக்குத் தெரியும். அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. துணைத் தலைவர் எங்க, இருக்கிற வேலையே போயிரும்."

"அப்ப விட்டுக்கொடுக்காதீங்க. நிஜமாவே ஆடுங்க."

"நிஜமா ஆடினா அவர் நாறிப் போயிருவாரே! கணக்கனுக்காவது கையுறைன்னு சொல்லிக்க ஒரு சாக்கு இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?"

மனைவி யோசித்தாள். "கொஞ்சம் சுமாரா நிஜமா ஆடுங்களேன்."

"விளையாடுறியா? மனசுல இருக்கிறதைச் சொல்ற தொப்பி அது."

"அப்ப மனசுல ஒண்ணுமே வெச்சுக்காதீங்க. காலியா வெச்சுட்டு அடிங்க. வர்றது வரட்டும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டிலிருந்த, கம்பெனியின் நம்பர் ஒன் மெத்தையின் மேல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மனதைக் காலியாக்கிப் பார்த்தார். காலியாகிவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற ஒருவன் உள்ளே இருந்துகொண்டே இருந்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: முழு மூச்சாக, நேர்மையாக, ஜெயிப்பதற்காகவே ஆடுவது. முதலாளி மண்ணைக் கவ்வினால் கவ்வட்டும். ஆட்டம் முடிந்ததும் காலில் விழுந்துவிடலாம். ஏமாற்றுக்காரன் என்ற பெயரைவிடக் கெட்டிக்காரன் என்ற பெயரோடு கிடங்குக்குப் போவது மேல். வாரம் முழுக்க முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. இந்த மனிதர் சனிக்கிழமை என்ன பாடு படப்போகிறாரோ என்று உச்சுக்கொட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. கிளப் வராந்தாவில் கூட்டம். மெஷினைக் கொண்டுவந்த கம்பெனியின் இன்ஜினியர் பெண் இரண்டு பேருக்கும் தொப்பி மாட்டினாள்.

"ரிலாக்ஸா இருங்க சார். ஒண்ணும் பண்ணாது. நீங்க என்ன நினைச்சு அடிக்கிறீங்கன்னு மேல பறக்கிற கூடை சொல்லும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்று முனகினார் நூலிழை.

முதல் அடி. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, எந்தக் கணக்கும் இல்லாமல், ஜெயிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். பந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு என்ன தோன்றியதோ, வலப்பக்க மணல் குழியில் குதித்தது.

"முழு முயற்சி" என்றது தலைக்கு மேலே பறந்த கூடை. செய்தி வாசிக்கிற குரல், அதில் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை.

நூலிழைக்கு அப்பாடா என்றிருந்தது. பதட்டத்தில் முதல் அடி அப்படித்தான் போகும், அதுவும் நல்லதுக்குத்தான். இரண்டாவது குழியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது குழியில் பந்து குளத்துக்குப் போனது. "முழு முயற்சி." மூன்றாவதில் ஒரு மரத்தில் பட்டு, வந்த வழியே திரும்பி இவர் காலடிக்கே வந்தது. "முழு முயற்சி." வராந்தாவில் யாரோ கனைத்தார்கள். நூலிழை தொப்பியைச் சரிசெய்துகொண்டார், மட்டையை மாற்றினார், காலை அகட்டி வைத்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார். "மிகவும் தீவிரமான முயற்சி" என்றது கூடை. பந்து புதருக்குள்ளிருந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தியது.

பாதி ஆட்டத்திலேயே முதலாளி எங்கேயோ முன்னே போய்விட்டார். அவருக்கு ஒரு துள்ளல் வந்துவிட்டது. அந்தக் குண்டு உடம்போடு புல்தரையில் குதித்துக் குதித்து நடந்தார். நூலிழைக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பி கனமாக இருக்கிறது, அதுதான் என்று நினைத்தார். வெயில், அதுதான். கூட்டம், அதுதான். கடைசிக் குழிக்கு வரும்போது வித்தியாசம் நூலிழையில் இல்லை, ஒரு வடக்கயிறு அளவுக்கு இருந்தது.

முதலாளி தன் பந்தைக் கடைசிக் குழிக்குள் தள்ளிவிட்டு, கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். இன்ஜினியர் பெண்ணிடம் திரும்பினார்.

"ஏம்மா, கிளப் கேமராவுல எங்க பழைய ஆட்டமெல்லாம் இருக்குல்ல? அதையும் இந்த மெஷின் பார்த்துச் சொல்லுமா?"

"சொல்லும் சார். மனசு தெரியாது. ஆனா கை, தோள், கால் அசையுறதை வெச்சே வேணும்னு விட்டாரா இல்லையான்னு சொல்லிரும்."

போச்சு. எல்லாம் போச்சு. இன்றைக்குக் கஷ்டப்பட்டு நேர்மையாக ஆடியதெல்லாம் வீண். அந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், அந்த ஒவ்வொரு விளிம்பு முத்தமும், ஒவ்வொரு 'அடச்சே'யும் வெட்ட வெளிச்சமாகப் போகிறது. நூலிழை கண்ணை இறுக மூடிக்கொண்டார். வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது, மனைவி ஞாபகம் வந்தாள்.

கூடை கொஞ்சம் மேலே எழும்பி, கீழே இறங்கியது. "கிடைத்த எல்லா ஆட்டங்களும் பார்க்கப்பட்டன. வேண்டுமென்றே தவறவிட்ட அடி ஒன்றுகூட இல்லை. இது ஆட்டக்காரரின் இயல்பான திறமை."

வராந்தா சிரிப்பில் அதிர்ந்தது. நூலிழை கண்ணைத் திறந்தார். தப்பித்துவிட்டோம் என்று மூளை சொன்னது. நெஞ்சில் ஏதோ சரிந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. இவரிடம் வந்து தோளில் கை போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்கிட்ட உண்மையைச் சொல்றேன்பா. இந்த மெஷினை நான்தான் கிளப்புக்கு வரவழைச்சேன். நீ விட்டுக்கொடுக்கிறியோ, விட்டுக்கொடுக்கிறியோன்னு வருஷக்கணக்கா எனக்கு ஒரு அரிப்பு. ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போவேன், ஆனா சந்தோஷமே இருக்காது. எல்லாரும் எங்கிட்ட நடிக்கிறாங்க, இவனுமான்னு தோணும். இன்னிக்குத்தான் நிம்மதி. என்னைச் சுத்தி இருக்கிறவன்ல நீ ஒருத்தன்தான் நிஜமா தோத்தவன். நீதான் துணைத் தலைவர், போ."

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பான். நம்மவர் செய்ததைக் கேளுங்கள்!

"இல்ல சார். மெஷின் தப்பு சார்."

"என்னது?"

"நான் வேணும்னேதான் சார் விட்டேன். இன்னிக்கு இல்ல, முன்னாடி எல்லாம். ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுத்தேன் சார். நான் நினைச்சிருந்தா நீங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சிருக்க முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வேலையும் போச்சு, நாற்காலியும் போச்சு. ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. முதலாளி கோபப்பட வேண்டும், காட்டுக்கத்தல் கத்த வேண்டும், அடிக்கக்கூட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

முதலாளி அவரைப் பரிவோடு பார்த்தார். சிறு பிள்ளை விழுந்துவிட்டு, "நான் குதிச்சேன்" என்றால் பார்ப்போமே, அப்படி.

"சரிப்பா, சரி. ரோஷம் இருக்க வேண்டியதுதான். இந்தா, உன் பந்து குழிக்குப் பக்கத்துலதானே கிடக்கு? இப்ப யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆட்டம் முடிஞ்சிருச்சு. உனக்காக ஒண்ணு போடு."

கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். எத்தனையோ முறை மயிரிழை பிசகாமல் தவறவிட்ட அதே தூரம். நூலிழை குனிந்து நின்றார். உலகத்தில் வேறு எதுவுமே இல்லை. பந்து, குழி, இரண்டும்தான். போ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே தட்டினார்.

பந்து உருண்டு போய் விளிம்பைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, விலகி நின்றது.

"முழு முயற்சி" என்றது கூடை.

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முதலாளி குனிந்து பந்தை எடுத்து அவர் கையில் வைத்து, "சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வா. நான் சொல்லித் தரேன்" என்றார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வேலை இருக்கா?"

"துணைத் தலைவர் ஆக்கிட்டாரு."

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவுக்குச் சொல்ல வேண்டும், மச்சினனுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியாகத் தட்டியதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? நான் விட்டுக்கொடுத்துத்தான் தோத்தேன். நீ நம்புறேல்ல?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? நீங்க நினைச்சிருந்தா அவரெல்லாம் உங்க முன்னாடி நிக்க முடியுமா?"

தயங்கவே இல்லை அவள். அவசரப்படவும் இல்லை. சிரித்த முகமாக, குரலில் அளவான கோபத்தோடு, சொல்லும்போது கண்ணை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். பிறரை ஜெயிக்க வைப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த மனிதரிடம் அது செல்லுமா? எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறாள், எத்தனை வருஷப் பழக்கமோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.